பால் இறங்கும் கை

பால் கொதித்துத்தான் இருந்தது. டம்ளர் விளிம்பிலிருந்து ஆவி சுருண்டு சுருண்டு எழுந்து, அடுப்பு மேடைக்கு மேலிருந்த சின்ன ஜன்னலின் கண்ணாடியில் படிந்துகொண்டிருந்தது. சங்கமித்ரா எப்போதும் செய்வதுபோல வலது கை ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுச் சூடு பார்த்தாள். சூடு தெரியவில்லை. சில்லென்றும் இல்லை. விரலை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் முங்க விட்டாள். இட்லிக் குண்டானைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு யசோதா நிலைப்படியிலிருந்தே அதைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"கொதிக்கற பால்ல கைய வெச்சிக்கினு நிக்கற. உனக்கு இன்னா ஆச்சு?"

"மரத்துப்போச்சுக்கா. தூக்கமே இல்ல, அதான்."

விரல் நுனி சிவக்கக்கூட இல்லை. யசோதா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தூக்கம் கெட்டால் அப்படித்தான் ஆகும், தன் மாமியாரைப் பார்த்துக்கொண்ட காலத்தில் தனக்கும் பாதம் இரண்டும் கட்டையாகக் கிடந்தது என்று சொல்லிவிட்டுக் குண்டானை வைத்துவிட்டுப் போனாள். சங்கமித்ரா அதை நம்பினாள். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற அளவுக்கு அவள் களைத்துப்போயிருந்தாள்.

பாலை ஆற்றி எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். முன்னறை என்ன முன்னறை, ஸ்ரீராம்புரத்துச் சந்தில் அந்த வீட்டுக்கு இருந்ததே ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். கட்டில் வந்த பிறகு ஆள் நடக்கச் சுவரோரமாக ஒரு முழம் இடம் மிஞ்சியது. கட்டிலில் அவள் அம்மா எல்லம்மா கிடந்தாள். டெட்டால் வாசனை, புண்ணுக்குப் போடும் களிம்பின் வாசனை, காயாத போர்வையின் வாசனை, இவற்றுக்கெல்லாம் அடியில் எத்தனை கழுவினாலும் போகாத, நாள்பட்ட பூத்தண்ணீர் மாதிரியான ஒரு வாசனை. மேம்பாலத்தில் மெட்ரோ ரயில் போகும்போதெல்லாம் மாத்திரை வைத்திருந்த எவர்சில்வர் தட்டு கிணுகிணுவென்று அதிர்ந்தது. ரயில் போன பிறகு எல்லம்மாவின் மூச்சு கேட்டது. உள்ளே இழுக்கும்போது ஒரு கரகரப்பு, அப்புறம் ஒன்றுமே இல்லாத ஒரு நேரம், அந்த நேரத்தில் சங்கமித்ராவும் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள், பிறகு மறுபடி கரகரப்பு.

அவள் பாலில் விரலைத் தோய்த்துக் கலக்கி, தலையைத் தூக்கிப் பிடித்து, அம்மாவின் உதட்டில் டம்ளரைச் சாய்த்தாள். தொண்டை ஏறி இறங்கியது. மடக்.

அந்தச் சத்தம் வரவே கூடாது. அதுதான் அவளை இருப்புக்கொள்ளாமல் அடித்துக்கொண்டிருந்தது.

எல்லம்மாவுக்கு உணவுக்குழாயில் புற்று. முப்பது வருஷம் மாநகராட்சியில் தெருப் பெருக்கினவள், ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. முதலில் சோறு இறங்கவில்லை, பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர். ரேடியேஷன் ஆயிற்று, கீமோ ஆயிற்று, கடைசியில் இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயை எல்லம்மாவே பிடுங்கி எறிந்தாள். இப்படிப்பட்டவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் அறக்கட்டளை ஒன்றின் நர்ஸ் சுனிதா, "மறுபடி போட வேண்டாம் மேடம், பாவம், விட்டுருங்க. பஞ்சுல வாய மட்டும் நனைங்க. ஒரு வாரம் தாங்கினா அதிகம்," என்று மெதுவாகச் சொன்னாள். ஒரு வாரம் போயிற்று. அதற்குப் பிறகும் வாரங்கள் போயின. எல்லம்மா போகவில்லை.

பார்த்துக்கொள்வது என்று ஊரார் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். புரட்டிப் போடுவது, முதுகுப் புண்ணைக் கழுவிக் கட்டுவது, துணி மாற்றுவது, மாற்றின துணியை அலசுவது, அலசி நிமிர்ந்தால் மறுபடி மாற்றுவது, இதற்கு நடுவில் போன் செய்கிற ஒவ்வொரு சொந்தத்துக்கும் எப்படி இருக்கிறது என்று முதலிலிருந்து சொல்வது. தம்பி சரவணன் ஓசூரில் குடும்பத்தோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவான். சோறே இறங்காதவளுக்கு ஆப்பிள். கல்யாணம் ஆகாத அக்கா வீட்டோடு இருக்கும்போது வேறு யார் பார்ப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அதைப் பற்றி யாரும் பேசிக்கூட முடிவு செய்யவில்லை. அவள் ஒரு டெக் பார்க்கில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். சங்கமித்ராவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். வேலை போவதற்குள், புத்தி பேதலிப்பதற்குள், இந்த அறையிலிருந்து அவள் முழு மனுஷியாக வெளியே போக வேண்டும். அதற்கு அம்மா சாக வேண்டும். அவள் அதை அம்மாவின் காதிலேயே சொல்லியிருக்கிறாள். போய்டும்மா, தயவுசெஞ்சு போய்டு. சொல்லிவிட்டு அடுப்படியில் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

யசோதாதான் அந்தப் பேச்சை எடுத்தாள். உயிர் இப்படி இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஆசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அது எதுவோ அதைப் பாலில் கரைத்து வாயில் விட்டால் நிம்மதியாகப் போய்விடும். மண்ணாசை என்றால் மண், பொன்னாசை என்றால் பொன். எல்லாருக்கும் தெரிந்த சாங்கியம்தான். பௌத்தம் தழுவி, மகளுக்குச் சங்கமித்ரா என்று பெயர் வைத்த அப்பா உயிரோடிருந்தால் இந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்தியிருப்பார். அவர் இல்லை. எல்லம்மாவுக்கு நிலமும் இல்லை, ஊரும் இல்லை, இந்தச் சந்திலேயே பிறந்தவள். அதனால் அவள் பெருக்கிய மல்லேஸ்வரத்துத் தெருவிலிருந்து சரவணன் ஒரு பொட்டலம் புழுதி அள்ளிக்கொண்டு வந்து பாலில் கரைத்து ஊற்றினான். கடைவாய் வழியாக அப்படியே வழிந்துவிட்டது. அடுத்ததாக யசோதா மூக்குத்தியை உரசி ஊற்றினாள். அதுவும் வழிந்தது. வெற்றிலையாக இருக்கும் என்றாள் யசோதா. வெற்றிலையை இடித்துப் பிழிந்தபோது கைக்கு ஸ்பூன் கிடைக்காமல் சங்கமித்ரா விரலால் கலக்கிக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் அந்தத் தொண்டை முதல்முதலாக ஏறி இறங்கியது. மடக். யசோதா கைகூப்பினாள். எல்லாரும் காத்திருந்தார்கள். விடிந்தபோது எல்லம்மாவின் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

அதற்கப்புறம் தினமும் பால் இறங்கியது. வெற்றிலை தீர்ந்துபோன பிறகும் இறங்கியது.

கொதிக்கிற பாலில் விரல் விட்ட அந்த நாளுக்கு மறுநாள், யசோதாவை உட்காரவைத்துவிட்டு லீவை நீட்டிக்கக் கேட்பதற்காக ஆபீஸுக்குப் போனாள். வாசலில் விரல் வைக்கும் மெஷின் அவளை ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள், ஊதிவிட்டு வைத்தாள், சிவப்பு விளக்கு சிவப்பு விளக்காகவே இருந்தது. செக்யூரிட்டி கிளெமென்ட் அவள் விரலை வாங்கிப் பார்த்தார்.

"ரேகையே இல்லியே மேடம். ஃபினாயில்ல கைய வுட்டு வுட்டு தேஞ்சிடுச்சு போல. வேற விரல் வெய்ங்க."

நடுவிரல் பதிந்தது. அவள் மெட்ரோவில் திரும்பும்போது ஜன்னல் வெளிச்சத்தில் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நுனி வழவழவென்று வெளுத்து, உரித்த பூண்டுப்பல் மாதிரி இருந்தது. பக்கத்து விரல்களோடு வைத்துப் பார்த்தால் கொஞ்சம் குட்டையாகவும் தெரிந்தது. பார்க்கிற கோணம் என்று நினைத்துக்கொண்டாள். கையைப் பையின் அடியில் மறைத்துக்கொண்டாள், பிறகு இருக்க முடியாமல் மறுபடி எடுத்துப் பார்த்தாள், ஸ்டேஷன் வருவதற்கு முன்பே எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டாள்.

அன்று மாலை போர்வை மாற்றும்போது போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டாள். எல்லம்மாவின் கை சரிந்து அதன்மேல் விழுந்தது.

போன் திறந்தது.

சங்கமித்ரா போர்வையைப் பிடித்தபடியே நின்றாள். தன் விரலுக்குத் திறக்காமல் இரண்டு நாளாக எண் அழுத்தித் திறந்துகொண்டிருந்த போன் அது. அணைத்தாள். அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து மெதுவாக அதன்மேல் வைத்தாள். திறந்தது. துடைப்பக்கட்டை பிடித்துப் பிடித்து எல்லம்மாவின் விரல்களில் ரேகை என்று ஒன்று இருந்ததேயில்லை, ரேஷன் கடை மெஷினில் ஒருநாளும் அவள் கை பதிந்ததில்லை, ஒவ்வொரு மாதமும் அதற்காகச் சண்டை நடக்கும். இப்போது அந்த விரல் நுனியில் ரேகை இருந்தது. சுழி சுழியாக, தெளிவாக, புதிதாக.

வெளியே தண்ணீர் லாரி வந்து நின்றது. குடங்கள் இடித்துக்கொண்டன. யாரோ கன்னடத்தில் வரிசையைப் பிடிக்கச் சொல்லிக் கத்தினார்கள். சங்கமித்ரா குடம் எடுக்கப் போகவில்லை. அடுப்படிக்குப் போய் இரண்டு டம்ளரில் பால் ஊற்றினாள். ஒன்றை ஸ்பூனால் கலக்கினாள். இன்னொன்றில் இடது கைச் சுண்டுவிரலை விட்டாள்.

ஸ்பூன் பால் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது.

சுண்டுவிரல் பால் இறங்கியது. மடக். மடக். டம்ளர் காலியான பிறகும் உதடுகள் டம்ளரின் விளிம்பைத் தேடிச் சப்பிக்கொண்டிருந்தன.

மண் இல்லை. பொன் இல்லை. வெற்றிலையும் இல்லை. சங்கமித்ரா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அம்மா பிடித்துக்கொண்டிருந்தது எது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. பிடித்திருக்கிற பொருளை முழுக்கக் கரைத்து ஊற்றினால்தான் உயிர் போகும் என்பதும் தெரியும். பெற்றவள் தன் மேல் இத்தனை ஆசை வைத்திருந்தாள் என்பதை நினைத்து ஒரு நொடி அவள் அம்மாவின் காலைத் தொட்டாள். அடுத்த நொடி கையை இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து விரல் வைப்பதை நிறுத்தினாள். பஞ்சில் நனைத்து, தொலைவாக நின்று, இடுக்கியால் பிடித்து உதட்டில் ஒற்றினாள். கட்டிலுக்கு அருகில் பாய் போடாமல் அடுப்படி வாசலில் தலைவைத்துப் படுத்தாள். படுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், தூங்கவில்லை. அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம். சப். சப். சப். பால்குடிக் குழந்தை தூக்கத்தில் செய்யுமே, அதே சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் நின்றுவிடும். திரும்பி வந்து படுத்தால் தொடங்கும். ஒருமுறை எழுந்து பார்த்தபோது, வாரக்கணக்கில் தானாக அசையாத எல்லம்மா, சுவரைப் பார்த்துப் படுக்கவைத்திருந்த எல்லம்மா, அடுப்படிப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள்.

பிறகு வலி வந்தது.

மார்ஃபின் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்துதான் இத்தனை நாளும் கொடுத்து வந்தாள். இப்போது எதுவும் இறங்கவில்லை. பொடியை நாக்குக்கு அடியில் வைத்தாள், அது பசையாக வெளியே வந்தது. மத்தியானம் முனகலாக ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் அது முனகல் இல்லை. குரல்வளையே போய்விட்டது என்று டாக்டர்கள் சொன்ன அந்தத் தொண்டையிலிருந்து, ஓட்டைக் குழாயில் காற்று போவது மாதிரி ஒரு அலறல் விடாமல் வந்தது. சந்தில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் சுனிதாவுக்குப் போன் செய்தாள். தோலில் ஒட்டும் வலிப் பிளாஸ்திரி திங்கட்கிழமைதான் வரும் என்றாள் சுனிதா, அதுவரைக்கும் எப்படியாவது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பிவிடுங்கள் மேடம் என்றாள். பிறகு சரவணனுக்குப் போன் செய்தாள்.

"நீ இப்பவே வா. என்னால முடியல. நான் கொஞ்சம் கொஞ்சமா இல்லாம போறேன்டா."

"ஞாயித்துக்கிழமை வரேன்க்கா. கோவிந்தப்பா மாமா, எல்லாரையும் கூட்டிக்கினு வரேன். சொந்தம் எல்லாம் ஒருவாட்டி பால் ஊத்திட்டா போயிடும்னு மாமா சொல்றாரு."

"நான் சொல்றது உனக்குப் புரியுதா? என் விரல்..."

"தூக்கம் இல்லாம இப்டிலாம் தோணும்க்கா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. ரெண்டு நாள்தானே."

போனை வைத்தாள். அலறல் நிற்கவில்லை. அவள் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கும் அறைக்குமாக நடந்தாள், நடந்தாள், கட்டில் காலில் இடித்துக்கொண்டாள், மறுபடி நடந்தாள். அப்போது கரண்ட் போயிற்று. சந்து மொத்தமும் இருண்டு, ஒரு நொடி எல்லாச் சத்தமும் நின்று, அம்மாவின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

இதற்கு மேல் ஒரு மகளால் முடியாது. எந்த மகளாலும் முடியாது.

இருட்டிலேயே பாலில் பொடியைப் போட்டாள். இருட்டிலேயே விரலை விட்டுக் கலக்கினாள். கலக்கும்போது விரலுக்கு எதுவும் தெரியவில்லை. பாலுக்குள் அது எங்கே முடிகிறது என்பதும் தெரியவில்லை. தலையைத் தூக்கிப் பிடித்தாள். சந்தில் போன ஆட்டோவின் வெளிச்சம் ஜன்னல் வழியாக அம்மாவின் முகத்தில் விழுந்து நகர்ந்தது. கண்கள் திறந்திருந்தன. அவை அம்மாவின் கண்கள்தான், சந்தேகமில்லை. தண்ணீர் வழிய, வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தன. வேண்டாம் மித்ரா, கொடுக்காதே. வாய் மட்டும் திறந்துகொண்டே போயிற்று.

மடக். மடக். மடக்.

அலறல் அடங்கியது.

விளக்கு வந்தபோது அவள் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் முதல் கணுவோடு முடிந்திருந்தது. ரத்தம் இல்லை. புண் இல்லை. வலி இல்லை. நகம் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. தோல் மூடி, வழவழப்பாக, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல இருந்தது. இடது சுண்டுவிரலைப் பார்த்தாள். நுனி வெளுத்திருந்தது.

பழைய புடவையைக் கிழித்துக் கையைச் சுற்றிக்கொண்டாள். காலையில் யசோதா கேட்டபோது கதவில் நசுங்கிவிட்டது என்றாள். யசோதா மஞ்சள் பற்றுப் போடச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் வாசல் முழுக்கச் செருப்பு. சரவணனும் அவன் மனைவி சௌம்யாவும் வந்தார்கள். எல்லம்மாவின் அண்ணன் கோவிந்தப்பா வந்தார், அவர் பின்னால் பேர் மறந்துபோன சொந்தங்கள் வந்தார்கள். நல்ல வெயில். அறையில் நிற்க இடமில்லாமல் சிலர் சந்திலேயே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். சௌம்யா பால் காய்ச்சி எடுத்து வந்தாள். கோவிந்தப்பா முதலில் ஊற்றினார். வழிந்தது. சரவணன் ஊற்றினான். வழிந்தது. ஒவ்வொருவராகக் கட்டிலருகே வந்து, ஒரு கரண்டி ஊற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை. தலையணை தொப்பலாக நனைந்து, பால் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

சங்கமித்ரா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"வாம்மா," என்றார் கோவிந்தப்பா. "உன் கைக்காகத்தான் காத்துக்கினு கீது."

"நான் ஊத்தலை மாமா."

சந்தில் நின்ற யாரோ, பெத்தவளுக்குப் பால் ஊத்த மாட்டேன்றா பாரு என்று சொன்னது ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"கடைக்குப் போயிட்டு வரேன்," என்று அவள் வாசலைப் பார்த்து நகர்ந்தாள். வழி இல்லை. சேலைகளும் சட்டைகளும் வியர்வையும். யாரும் தடுக்கவில்லை, விலகவும் இல்லை. சரவணன் அவள் தோளைச் சுற்றிக் கை போட்டான். அவன் கண் சிவந்திருந்தது. அவன் நல்லவன்தான். அவளைக் கட்டிலருகே கூட்டி வந்தான்.

"ஸ்பூன் குடுடா," என்றாள்.

"ஸ்பூன் இன்னாத்துக்கு," என்றார் கோவிந்தப்பா. "இத்தினி நாளு பாத்த கை. கையால தொட்டு வெய்." கட்டியிருந்த துணியை அவரே பிரித்தார். குட்டையான விரலைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவர் அதை வாஞ்சையாகத் தடவிக்கொடுத்தார். "பாத்துக்கறவங்களுக்கு இதெல்லாம் ஆவறதுதான். பாவம், எவ்ளோ கஷ்டப்பட்டுச்சோ."

"மாமா, பாருங்க. விரல் இல்ல. விரலே இல்ல மாமா."

"சரியாயிடும்மா."

சரவணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இறுக்கமாக இல்லை. பாசமாகத்தான். டம்ளருக்குள் விட்டான். பக்கத்தில் நின்ற யசோதா அந்த டம்ளரை எல்லம்மாவின் உதட்டில் சாய்த்துப் பிடித்தாள்.

எல்லம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தலையைத் திருப்பப் பார்த்தாள். முடியவில்லை. "அத்தை, கொஞ்சம் இருங்க," என்று சௌம்யா முகத்தை நேராகப் பிடித்துக்கொண்டாள். வாய் திறந்தது.

மடக்.

"இறங்குது," என்றாள் யசோதா. அழுதுகொண்டே சிரித்தாள். "இறங்குது பாருங்க."

பால் மணிக்கட்டைத் தொட்டது. சின்ன டம்ளர். அடி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. வளையல் விளிம்பில் டங்கென்று இடித்து நின்றது. கை நிற்கவில்லை. அவள் இழுத்துப் பார்த்தாள். இழுக்க அந்தப் பக்கம் எதுவும் இல்லை.

"சரவணா. விடுடா."

"கொஞ்சம்தான்க்கா." முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். "இன்னும் கொஞ்சம்தான்."

மடக். மடக்.

ஜன்னலில் இன்னும் சில முகங்கள் கூடின. யாரோ குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். கோவிந்தப்பா கைகூப்பியிருந்தார். முழங்கை வரை பால். எல்லம்மாவின் மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து கண்ணீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தொண்டை ஏறியது. இறங்கியது. ஏறியது.

சௌம்யா அடுப்படிக்குப் போய் இன்னொரு டம்ளர் எடுத்து வந்தாள். சங்கமித்ராவின் இடது பக்கமாகக் கட்டில் விளிம்பில் வைத்தாள்.

"இது அந்தக் கைக்கு, அண்ணி," என்றாள்.